அள்ளாத சிலுவை

கோர்ட் அமீனா பெனிக்னோ அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது மதியம் மூன்று மணி. சாப்பாலா ஏரிக்கரை ஊர்களில் அது கண்ணயரும் நேரம். கடைகள் பாதி ஷட்டரை இறக்கியிருக்கும், நாய்கள்கூட நிழல் தேடிப் படுத்திருக்கும். ஒரு கையில் தோல்பை, இன்னொரு கையில் பசை டப்பா. ஏரியிலிருந்து மேடேறும் கல் தெருவில் நடந்து வந்ததில் மனிதருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பருத்த உடம்பு. கைக்குட்டை நனைந்து கனத்துவிட்டது.

சுயாபா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். இன்று அவர் வருவார் என்று அவளுக்குத் தெரியும். அவள் இந்த ஊர்க்காரி அல்ல. ஹோண்டுராஸிலிருந்து பிழைப்புத் தேடி மெக்சிகோவுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதில் பதினொரு வருடம் இந்த வீட்டில்தான். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. பின்முற்றத்தில் இருந்த ஒற்றை அறையே அவளுக்கு வீடு.

அமீனா நின்றபடியே தாளைப் பிரித்துப் படித்தார்.

"வீட்டுக்காரம்மா பேரு டோரீன் பக்லி. கனடா நாட்டவங்க. வயசு எழுபத்தாறு. கல்யாணம் ஆகல. இந்த மாசம் ஆறாம் தேதி இறப்பு. சரியா?"

"சரிங்க சார்."

"உயில்?"

"எழுதறேன் எழுதறேன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க."

"அதுக்குப் பேரு உயில் இல்லம்மா. பேச்சு."

சுயாபாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் மனிதர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மெக்சிகோவில் செப்டம்பர் என்றாலே உயில் மாதம். நோட்டரிகள் எல்லாரும் பாதிக் கட்டணத்தில் எழுதித் தருவார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகும். டோரீனம்மாவுக்கு ஒரு செப்டம்பரில் மழை, ஒரு செப்டம்பரில் பல்வலி, ஒரு செப்டம்பரில் சும்மா அலுப்பு. இந்த வருடம்தான் துணிந்து போய் உயிலின் வரைவை அடித்து வாங்கி வந்தார். எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று மூன்று வாரம் மேஜைமேல் வைத்திருந்தார். முப்பதாம் தேதி போனால் நோட்டரி வாசலில் பெரிய வரிசை. "யாரு நிக்கிறது, அடுத்த செப்டம்பர் பாத்துக்கலாம்" என்று திரும்பிவிட்டார். ஆறாம் தேதி மதியம் சாப்பாட்டு மேஜையிலேயே, சூப்பு ஆறுவதற்குள், தலை சாய்ந்துவிட்டது.

அமீனா நடுக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கப் போனார்.

"அங்கயே நில்லு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது.

சிப்ரியானா. அந்தத் தெருவில் யார் செத்தாலும் ஒன்பது நாள் ஜெபமாலை சொல்பவள் அவள்தான். ஒல்லிக்குச்சி உடம்பு, ஊரை எழுப்பும் தொண்டை. கூடத்தின் நடுவில் தரையைக் காட்டினாள். செங்கல் ஓடு பதித்த தரையில் வெள்ளை வெளேரென்று ஒரு சிலுவை கிடந்தது. ஆள் நீளம். சுண்ணாம்புத் தூளால் போட்டது, நாலு மூலையிலும் எரிந்து தீர்ந்த மெழுகுவத்தி.

"பெட்டி இருந்த இடம். இன்னிக்கு நாலாம் நாளு. ஒன்பதாம் நாளு சிலுவைய அள்ளிக்கிட்டுப் போயி குழியில போடணும். அதுவரைக்கும் இந்தக் கூடத்துல செருப்புக் கால் படக்கூடாது."

"அந்தம்மா கோயிலுக்கே போனதில்லன்னு சொன்னாங்களே?"

"போகலதான். அதுக்கு? எங்க தெருவுல செத்தா எங்க ஆளு. அள்ளலைன்னா என்ன ஆகும் தெரியுமா? செத்தவங்க அதையே சுத்திச்சுத்தி வருவாங்க. போக வழி தெரியாது. ஒன்பது நாள் முடியட்டும், அப்புறம் உன் சீல வச்சுக்க. அஞ்சு நாள்ல உன் கோர்ட்டு ஓடியா போயிடும்?"

"ஓடாதும்மா, என் வேலைதான் ஓடிப்போயிடும். வாரிசு யாருன்னு தெரியாத வீடு. ஒரு ஸ்பூன் காணாமப் போனாலும் என் தலை உருளும்." அவர் கூடத்தை எட்டிப் பார்த்தார். "அதோட குழியே இல்லயே. சவப்பெட்டிய மயானத்துலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்களாமே?"

அது சிப்ரியானாவுக்குப் பட்ட அடி. இந்த ஊர் வழக்கப்படி, பெட்டி வாசலைத் தாண்டியதும் அவள்தான் அவசரமாகச் சிலுவையைப் போட்டாள். அடக்கத்துக்கு வேண்டிய தாளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. தெருவே கூடிக் காசு போட்டு வாங்கிய பெட்டியை மயான வாசலில் நிறுத்தி, "சொந்தக்காரங்க யாரு கையெழுத்துப் போடறீங்க?" என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டான். சுயாபா முன்னால் போனாள். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" அவளுக்குச் சட்டென்று வாயில் வந்தது, "நான் சமைக்கிறவ." குமாஸ்தா நல்லவன்தான், தலையைக் குனிந்துகொண்டான். தூதரகம் சொந்தபந்தத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை உடல் குவாதலஹாரா நகரத்துப் பிணவறையில் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும். யாருமே வராவிட்டால், பெயரில்லாதவர்களைப் போடும் பொதுக்குழி. அதை நினைத்து சுயாபா மூன்று நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தாள்.

அமீனா கூடத்து ஓரமாக ஒதுங்கி உள்ளே போய் ஜன்னல்களுக்குச் சீல் ஒட்டினார். ஒட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓரடி பின்னால் வைத்தார். குதிகால் சிலுவையின் அடிப்பாகத்தில் பதிந்தது.

சிப்ரியானா போட்ட கூச்சலில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. அவர் காலைத் தூக்கிப் பார்த்து, கால்மிதியில் தேய்த்தார்.

"சுண்ணாம்புதானம்மா. தட்டினா போயிடும்."

அது போகவில்லை. ஆனால் அது பிறகு தெரிந்த சங்கதி.

முன்கதவு, கொல்லைக் கதவு, கூடம் எல்லாவற்றுக்கும் சீல் விழுந்தது. பின்முற்றத்து அறைக்குத் தனி வாசல் இருந்ததால் சுயாபாவை இருக்கவிட்டார். சீலைத் தொட்டால் ஜெயில், அவள் வேற்று நாட்டவள் என்பதால் ஊரை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். மீதி ஜெபத்தைத் தெருவில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளும்படி சிப்ரியானாவிடம் சொன்னார். அவள் பதிலுக்குச் சொன்ன வார்த்தையை எழுதினால் மரியாதையாக இருக்காது.

சுயாபாவின் கட்டில் ஒட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் கூடம்.

மறுநாள் மூன்று மணி. அவள் பீன்ஸ் வேகவைத்து, இரண்டு டோர்ட்டியா ரொட்டி சுட்டு, தின்னாமல் வைத்திருந்தாள். வெளியே வெயில் அப்படியே நின்றது. அப்போது ஒரு வாசனை வந்தது. அந்த ரொட்டி மாவுக்காக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்ட வாளியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. அவள் அன்று எதையும் ஊறப்போடவில்லை.

பிறகு சத்தம் கேட்டது.

சரக்... சரக்... சரக்.

வெறுங்கால் தூள்மேல் இழுத்து நடக்கிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம். வட்டமாக. கிட்டே வரும், தள்ளிப் போகும், மறுபடி கிட்டே வரும். எலி என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். எலி அப்படி நடக்காது. டோரீனம்மாவுக்கு இடது காலில் கடைசி இரண்டு விரல் கிடையாது, சின்ன வயதில் கனடாக் குளிர் தின்றுவிட்டது. அதனால் ஒரு கால் அழுந்தும், ஒரு கால் இழுபடும். பதினொரு வருடம் கேட்ட நடை.

ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. தாள் புரண்டது. பேனா தாளில் கீறும் சத்தம் வேகமாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வேலை முடியாதவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். பிறகு மறுபடி நடை.

ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் அடங்கியது. சுயாபா முற்றத்தில் வந்து நின்றாள், உள்ளே போனாள், மறுபடி வந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் எழுந்துகொள்ளத் தோன்றியது. தானும் அதே மாதிரி வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஆறாம் நாள் அவள் ஒரு தப்புச் செய்தாள்.

டோரீனம்மா கனடாவில் முப்பது வருடம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவர். காலையில் முதல் வேலையாக முத்திரையில் தேதியைத் திருப்ப வேண்டும். அந்தப் பழக்கம் போகவே இல்லை. மதியத் தூக்கம் கலைந்து எழுந்ததும் கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார், அன்றைக்கு என்ன தேதி என்று. சுயாபா இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்வாள். வருடம் முழுக்க, ஒரு நாள் தவறாமல்.

அன்று நடை நின்றது. சுவரில் யாரோ சாய்ந்த மாதிரி இருந்தது. சுவருக்குள்ளிருந்து, மெல்ல, உடைந்த ஸ்பானிஷில்:

"இன்னிக்கு என்ன தேதி, சுயாபா?"

"பன்னெண்டும்மா" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. கையில் இருந்த தட்டு நழுவி விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

அவள் செருப்புக்கூடப் போடாமல் சிப்ரியானா வீட்டுக்கு ஓடினாள்.

"பதில் சொன்னியா?" சிப்ரியானா நெற்றியில் அறைந்துகொண்டாள். "அடியே, செத்தவங்க கூப்பிட்டா ஜெபம் சொல்லணும். பதிலா சொல்லுவாங்க?"

"பழக்கதோஷம்க்கா. வாயில வந்துடுச்சு."

"வாயில வரும். இனிமே அவங்களுக்குச் சுவரு ஒரு தடையே இல்ல. நீ இருக்கறன்னு தெரிஞ்சுபோச்சு."

"அவங்க நல்லவங்கக்கா. என்னை என்ன பண்ணிடப் போறாங்க?"

"நல்லவங்கதான். அதான் பயமா இருக்கு. கெட்டவங்கன்னா விரட்டிடலாம்" என்றாள் சிப்ரியானா.

ஏழாம் நாள் மதியம் சுயாபா அறையில் இருக்கவே இல்லை. ஏரிக்கரைக்குப் போனாள். கொஞ்ச நேரம் படகுத்துறை, கொஞ்ச நேரம் சந்தை, தேவையில்லாமல் இரண்டு கொய்யாப்பழம். ஐந்து மணிக்குத்தான் திரும்பினாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள்.

தரையெல்லாம் வெள்ளைக் காலடி.

சுவரில் தொடங்கி கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து வாசலுக்கு. திரும்பத் திரும்ப, ஒன்றின்மேல் ஒன்றாக. வலது கால் முழுசாக. இடது காலில் மூன்று விரல்.

கடைசி இரண்டு காலடிகள் கதவுக்கு உள்பக்கம், கதவைப் பார்த்தபடி, ஒன்றையொன்று ஒட்டி நின்றிருந்தன. நெடுநேரம் அங்கேயே நின்று அவளுக்காகக் காத்திருந்த மாதிரி.

ஈரத்துணியால் துடைத்தாள். போய்விட்டது. தரை காய்ந்ததும் திரும்ப வந்தது. நாலாவது தடவை துடைக்கும்போது அவள் அழுதுவிட்டாள். "நான் என்னம்மா பண்ணட்டும்? என்கிட்ட ஒரு தாளும் இல்லயே" என்று சத்தமாகவே சொன்னாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சிலுவையை அள்ளி அந்த அம்மாவை அனுப்பிவைக்க வேண்டும், இன்னும் இரண்டே நாளில். அது சீலுக்குப் பின்னால் கிடந்தது.

எட்டாம் நாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். பெனிக்னோ. நாலு நாளில் ஆளே பாதியாகியிருந்தார். அவர் தெருவில் நடந்து வந்த வழி நெடுக, கல்லுக்குக் கல் ஒரு வெள்ளைக் குதிகால் தடம் பதிந்திருந்தது.

"மூணு ஜோடி செருப்பு மாத்திட்டேன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "வெறுங்காலோட நடந்தாலும் இதான். ஜட்ஜய்யா கோர்ட்ல மாவு கொட்டினது யாருன்னு கேக்கறாரு. பொண்டாட்டி கட்டில் பக்கமே வராதேன்னுட்டா. ரெண்டு நாளா கார்ல படுத்துக்கறேன்."

சிப்ரியானா சத்தம் கேட்டு வந்தவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "சுண்ணாம்புதானே பெரிய மனுஷா. தட்டிப் பாக்கறது?"

"திட்டுங்கம்மா, வாங்கிக்கறேன்." அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "வீட்டுச் சாமான் கணக்கெடுக்கணும்னு ஜட்ஜ்கிட்ட எழுதி வாங்கிட்டேன். நாளைக்குத்தானே ஒன்பதாம் நாளு? ரெண்டு சாட்சி வேணும். நீங்க ரெண்டு பேரும் வாங்க. கதவைத் திறந்து வைக்கிறேன். பத்து நிமிஷம் நான் மேஜை நாற்காலிய எண்ணிக்கிட்டு இருப்பேன். அதுக்குள்ள அள்ளிடுங்க."

மறுநாள் மூன்று மணிக்கு அவர் சீலைக் கிழித்தார்.

கூடம் குளிர்ந்து கிடந்தது. வெளியே அப்படி ஒரு வெயில், உள்ளே மூச்சுவிட்டால் ஆவி வந்தது. சுண்ணாம்பு நெடி தொண்டையைப் பிடித்தது. சிலுவை போட்டபடியே கிடந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒரு பாதை உண்டாகியிருந்தது. காலடிமேல் காலடி விழுந்து, செங்கல் ஓட்டின் சிவப்பே தெரியாமல், வெள்ளையாக ஒரு வட்டம்.

அமீனா கணக்கெடுக்கவில்லை. அவர் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலி பின்னுக்குத் தள்ளியிருந்தது. மேஜைமேல் நோட்டரி அடித்துக் கொடுத்த அந்த உயில் வரைவு.

"உன் பேரு இருக்கும்மா இதுல" என்றார்.

சுயாபாவுக்குப் பெரிதாகப் படிப்பு வராது. அவரே படித்தார். வீட்டைப் பற்றி, வங்கியைப் பற்றி என்னென்னவோ வந்தது, அவள் காதில் ஏறவில்லை. ஒரு வரி மட்டும் ஏறியது. 'என் உடலை இந்த ஊர் மயானத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும். அதற்கான முழு உரிமையும், என்னோடு இருப்பவரும் என் குடும்பம் என்று நான் சொல்லக்கூடிய ஒரே ஆளுமான சுயாபாவுக்கு உண்டு.'

அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மயான வாசலில் அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று டோரீனம்மா ஒரு மாதம் முன்பே எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்து என்ன? கீழே கையெழுத்து இல்லை.

இல்லை என்று சொல்வதும் சரியில்லை. கையெழுத்துப் போடும் கோட்டுக்கு மேல் தாள் நார்நாராகக் கிழிந்திருந்தது. மை இல்லாத பேனாவால் ஒரே இடத்தில் நூறு தடவை, ஆயிரம் தடவை எழுதிப் பார்த்த கிழிசல். பக்கத்தில் பேனா. அதன்மேல் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை.

"இது செல்லாதா சார்?" என்று கிசுகிசுத்தாள் சுயாபா.

"செல்லாதும்மா" என்றார் அமீனா. "உயிரோட போட்டிருக்கணும்."

சிப்ரியானா மண்டியிட்டாள். ஜெபத்தைத் தொடங்கினாள். அந்த ஊரில் சிலுவையைத் துண்டு துண்டாகத்தான் அள்ளுவார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஆள் பொறுப்பு. தலையைச் சிப்ரியானா அள்ளினாள். இரண்டு கைகளையும் நெஞ்சையும் சுயாபா அள்ளினாள். அடிப்பாகத்தை, தான் மிதித்த அந்த இடத்தை, அமீனா அள்ளினார். பருத்த மனிதர் முழங்காலில் நின்று, சின்னத் தூரிகையால் கூட்டிக்கூட்டி, வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அள்ளினார். எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போனது. தரை சிவந்து வந்தது.

குளிர் விட்டது. ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் விழுந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுயாபாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் சிப்ரியானாவின் முகம் மாறியது.

"இத எங்க கொண்டு போறது?"

சுண்ணாம்பு குழிக்குப் போக வேண்டும். குழி இல்லை. ஒன்பது நாளும் சிலுவையை எப்படி அள்ளுவது என்றே நினைத்திருந்தார்கள், அள்ளியதை எங்கே போடுவது என்று ஒருவரும் நினைக்கவில்லை.

சுயாபாவின் கையில் இருந்த பை கனத்தது. கைக்குழந்தை கனம். பிறகு அதைவிட அதிகம்.

நாற்காலி மெல்ல மேஜைப் பக்கம் நகர்ந்தது.

"இன்னிக்கு என்ன தேதி?"

மூன்று பேருக்கும் கேட்டது. சிப்ரியானா இரண்டு கையாலும் சுயாபாவின் வாயைப் பொத்தினாள். ஆனால் அமீனா இருபத்தாறு வருடமாகத் தேதி எழுதாமல் ஒரு தாளைத் தொடாதவர். பழக்கம் யாரை விட்டது?

"அக்டோபர் பதினஞ்சு" என்றார்.

அந்தக் குரல், நிம்மதியாக, கிட்டத்தட்டச் சந்தோஷமாகச் சொன்னது:

"அப்ப இன்னும் நேரம் இருக்கு."

அவர்கள் வெளியே வந்த வேகத்தில் அமீனா சீலைக் கோணலாக ஒட்டி மூன்று தாளை வீணாக்கினார். ஆனால் தெருவில் இறங்கிப் போனவரின் பின்னால் தடம் விழவில்லை. அவர் நின்று திரும்பிப் பார்த்தார், பிறகு ஓடாத குறையாக நடந்தார். மயானக் காவலாளி குழி எண் இல்லாமல் ஒரு பிடி சுண்ணாம்பைக்கூட உள்ளே விடமாட்டேன் என்றான். சிப்ரியானா தன் வீட்டில் வைத்துக்கொள்ள மறுத்தாள். வெட்கத்தோடுதான் மறுத்தாள். பை சுயாபாவிடமே இருந்தது. அறையில் உயரமாக ஒரு ஆணியில் மாட்டினாள்.

அன்றிலிருந்து சுவர் பேசவில்லை. நடை இல்லை, பேனா இல்லை, தரையில் தடம் இல்லை. சுயாபா இரண்டு இரவு பிணம் மாதிரி தூங்கினாள். மூன்றாம் நாளிலிருந்து வேறு ஒரு பயம் வந்தது, அது தன்னைப் பற்றியது. தனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? தன் பெட்டியை மயான வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டால் யார் முன்னால் போவார்கள்? வீடு, வங்கி என்று எதுவும் இல்லாதவளுக்கு உயில் எதற்கு என்று இத்தனை வருடம் சிரித்திருக்கிறாள். உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. அதை யாருக்காவது எழுதி வைக்க வேண்டாமா?

இருபதாம் தேதி ஒலிபெருக்கி வண்டி வந்தது. ஜனங்கள் கேட்டுக்கொண்டதால் பாதிக் கட்டணச் சலுகை அக்டோபர் கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்று கத்திக்கொண்டு போனது. ஒரு மாதம் முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று சுயாபாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்த நாளே நல்ல உடுப்பாக எடுத்து உடுத்திக்கொண்டு, அடையாள அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, நோட்டரி ஆபீசுக்குப் போய்விட்டாள். ஒத்திப் போட மாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

வரிசையில் மூன்று மணி நேரம் நின்றாள். கால் கடுத்தது. நகர மாட்டேன் என்று நின்றாள். உள்ளே மேஜையில் வேறு ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் இருந்தாள். பெயர் நாயேலி. பொறுமையாகக் கேட்டாள்.

"கல்யாணம்?"

"இல்ல."

"சொந்த ஊர்ல யாராச்சும்?"

"இருந்தாங்க. இப்ப இல்ல."

"என்னென்ன இருக்கு உங்ககிட்ட?"

"ஒரு தையல் மிஷின். காஸ் அடுப்பு. ஒரு ஜோடிக் கம்மல்." சுயாபா மேஜையில் கையூன்றிக்கொண்டாள். "அதெல்லாம் அப்புறம் எழுதுங்கம்மா. மொதல்ல என் உடம்ப எழுதுங்க. செத்தா சிப்ரியானா அக்காதான் எடுத்து அடக்கம் பண்ணணும். வேற யாரும் வந்து கேள்வி கேக்கக் கூடாது."

எழுதியாயிற்று. சாட்சிக்கு ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். நோட்டரி ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சுயாபா கையெழுத்தைப் போட்டாள். கோணல்மாணலாக வந்தாலும் முழுசாக வந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

எழுந்தபோது நாயேலி தயங்கினாள்.

"அக்கா, படிக்கும்போது வேற யாரும் இருக்கக் கூடாதுன்னுதான் அவங்கள வெளிய நிறுத்தினேன். தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப உள்ள வரச் சொல்லவா?"

"யார?"

"உங்ககூட வந்தாங்களே, வயசான வெள்ளக்காரம்மா. காலைலேர்ந்து உங்க முதுகோட ஒட்டிக்கிட்டே நின்னாங்க, பாவம், நிக்க முடியாம நடந்துக்கிட்டே இருந்தாங்க."

சுயாபாவால் திரும்ப முடியவில்லை. கழுத்துக்குப் பின்னால் சில்லென்று ஒரு மூச்சு பட்டது.

நாயேலி அவள் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தாள். இன்னொரு நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு, பேனாவை அதன் எதிரே வைத்தாள்.

"அவங்களும் இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடலாமான்னு கேக்கறாங்க."